புளிப்பில் உடைந்தவை

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து பிறந்தது. என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அல்சூரில் ஒரு பள்ளிக்கூட மாடியறையில் மாதம் ஒருமுறை தமிழ் வாசகர்கள் கூடுகிறோம். வாசகர்கள் என்று சொல்வது மரியாதைக்கு. வருகிறவர்கள் அத்தனை பேரும் எழுத்தாளர்கள். தன் முறை வரும்வரை அடுத்தவனைப் பொறுத்துக்கொள்கிறவர்கள். இரண்டு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு காதல் கதை வாசித்தேன். அதில் நாயகன் நாயகியிடம், "என் ஒவ்வொரு குரோமோசோமிலும் உன் பெயர் எழுதியிருக்கிறது" என்கிறான். அந்த இடத்தில் அறை உருகிவிடும் என்று நம்பிச் சற்று நிறுத்தினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் சிரித்தார். அடக்கப் பார்த்து முடியாமல் போன சிரிப்பு அல்ல. இதற்கெல்லாம் அடக்குவானேன் என்று முடிவு செய்துவிட்ட சிரிப்பு.

டீ நேரத்தில் அவரே வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. கையில் பிஸ்கட்.

"சாரி சார். குரோமோசோமை நான் தினம் பாக்கறேன். அதுல யார் பேரும் இல்ல."

பெயர் மௌரீன். லிங்கராஜபுரத்தில் வீடு. பொம்மனஹள்ளியில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை. ஏதாவது ஒரு பொருளை வளர்ப்புச் செல்களின் மேல் ஊற்றி, செல்லுக்குள்ளிருக்கும் குரோமோசோம்கள் உடைகின்றனவா என்று பார்ப்பதுதான் தொழில். தோழிக்குத் துணையாகக் கூட்டத்துக்கு வந்தவர்.

"கதைதானே வேணும்? நான் ஒண்ணு தரேன். நடந்தது. ரெண்டு கண்டிஷன். செல் பிரியறதைக் குடும்பம் பிரியறதோட கம்பேர் பண்ணக்கூடாது. என்னை நல்லவளா காட்டக்கூடாது."

இரண்டாவது சுலபமாக இருந்தது.

2

தொடக்கங்கள்:

"மழை பொம்மனஹள்ளியை நனைத்துக்கொண்டிருந்த மாலையில், நுண்ணோக்கியில் குனிந்திருந்த மௌரீன், உடைந்துபோன ஒரு சிற்றுலகத்தை—"

நிறுத்தினேன். அன்று மழையே இல்லை. எழுத வராதபோதெல்லாம் மழையைக் கூப்பிடுவது எங்கள் வர்க்கத்துப் பழக்கம்.

"அமிலம் என்ற சொல்லின் வேரைத் தேடிப் போனால்—"

ஒரு விஷயம் தெரியாதவன் அகராதியிலிருந்து ஆரம்பிப்பான். இதுவும் வேண்டாம்.

"ஒரு செல் இரண்டாகப் பிரிவது போலத்தான் ஒரு வீடும்—"

கண்டிஷன் ஒன்று. இந்த வாக்கியத்தைப் போனில் வாசித்துக் காட்டியபோது அந்தப் பக்கத்திலிருந்து பழைய சிரிப்பு கேட்டது.

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். கதைக்குள் மௌரீனை "அவள்" என்று எழுதுவேன். நேரில் அப்படிச் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை.

3

மௌரீன் வளர்ப்பது சீனத்து ஹாம்ஸ்டர் என்கிற எலி ஜாதியின் செல்கள். அந்த எலி செத்துப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அதன் சினைப்பையிலிருந்து எடுத்த செல்கள் மட்டும் உலகமெங்கும் குடுவைகளில் பிரிந்து பிரிந்து வாழ்கின்றன. [இங்கே சாகாவரம் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். மௌரீன்: "எடுத்துடுங்க. எலி பாவம்."]

அந்தச் செல்களைத் தேடி ஒரு நாள் 'பொன்துளி' வந்தது. கூடவே அதன் முதலாளி ப்ரஹ்லாத். மல்லேஸ்வரத்துத் தமிழன், முன்னாள் சாஃப்ட்வேர்காரன், இந்நாளில் உடம்பு பற்றிப் பேசுகிறவன். இந்த ஊரில் சாஃப்ட்வேரை விட்டவர்கள் இரண்டு வகை: ஒரு கூட்டம் மாடு வளர்க்கப் போகிறது, இன்னொரு கூட்டம் நம்மைத் திருத்த வருகிறது. பொன்துளி என்பது மஞ்சளும் நெல்லிக்காயும் ஊறிய ஒரு பானம். வெளிநாட்டு இறக்குமதியாளர் ஒருவர், இது செல்களைக் கெடுக்காது என்பதற்கு ரிப்போர்ட் கேட்டுவிட்டார். அதனால்தான் வந்தான்.

"மேடம், இது டிரிங்க் இல்ல. ஒரு மூவ்மெண்ட்," என்றான். "நம்ம பாடி எல்லாம் ஆசிடிக் ஆயிடுச்சு. டிராஃபிக், ஸ்ட்ரெஸ், பாலிஷ் போட்ட அரிசி. பொன்துளி பாடியை ஆல்கலைன் ஆக்கும்."

"எப்படி?"

"செல்லுலார் லெவல்ல, மேடம்."

மௌரீன் அவனை ஒரு பார்வை பார்த்தாள். ரத்தத்தின் புளிப்பு ஒரு மயிரிழை கூட நகராதபடி நுரையீரலும் சிறுநீரகமும் விடாமல் காவல் காக்கின்றன. அதை ஒரு பானம் நிஜமாகவே மாற்றிவிட்டால், குடித்தவன் யோகா வகுப்புக்குப் போகமாட்டான், ஐ.சி.யூ.வுக்குப் போவான். இதைச் சொல்ல வாயெடுத்தபோது கூடத்தின் தலைவர் ஹரிஷ்குமார் நடுவில் புகுந்தார்.

"ஸ்வல்ப சீக்கிரம் பண்ணிக்குடுங்க மௌரீன். நல்ல கிளையண்ட்."

அவளுக்கு அந்தப் பாட்டிலை ஏற்கெனவே தெரியும். அவள் வீட்டு மாடியிலேயே ஒன்று இருந்தது.

4

கீழ்வீட்டில் மௌரீன் தனியாக இருந்தாள். மாடியில் தம்பி டெஸ்மண்டும் அவன் மனைவி சிந்துவும். சிந்து தர்மபுரிக்காரி, இந்துக் குடும்பம், ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டர். கல்யாணத்தின்போது கோயிலா சர்ச்சா என்று இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டு, கடைசியில் ரிஜிஸ்டர் ஆபீஸில் முடிந்தது. பல வருடம் சிகிச்சை எடுத்து இப்போதுதான் உண்டாகியிருந்தாள். நான்காவது மாதம்.

[கர்ப்பிணியைக் கொண்டுவந்து நிறுத்துவது மட்டமான எழுத்தாளனின் முதல் தந்திரம் என்று எனக்குத் தெரியும். அவள் கர்ப்பமாக இருந்தாள். நான் என்ன செய்ய?]

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் சாப்பாடு மாடியில்தான். அன்றும் மேஜை நடுவில் பொன்துளி நின்றது. ஒரு மூடி ஊற்றித் தண்ணீர் கலந்து சிந்து நீட்டினாள்.

"நீங்களும் குடிங்க அண்ணி. நல்லாருக்கும்."

"மஞ்சத்தண்ணி குடிச்சு நல்லாகற வயசு எனக்குப் போயிடுச்சு."

"டாக்டர் வேணாம்னு சொல்லல அண்ணி."

"வேணும்னும் சொல்லலல்ல? பி.இ. படிச்சவங்க எல்லாம் பாட்டில்ல எழுதினதை நம்பறீங்களே, உங்களை நெனச்சா எனக்கு அழுகையா வருது."

"அக்கா, சாப்பிடு. வறுவல் ஆறுது," என்றான் டெஸ்மண்ட். அவன் வாழ்க்கையின் பெரும்பகுதி இந்த ஒரு வாக்கியத்தில் கழிந்துகொண்டிருந்தது.

முதல் பிரதியில் சிந்துவை நான் முட்டாளாகத்தான் எழுதினேன். வார்த்தைக்கு வார்த்தை யூடியூப் பேசுகிறவள், நெற்றியைச் சுருக்கிக் கேட்கிறவள். மௌரீனின் கண்ணால் பார்த்தால் அப்படித்தான் தெரிந்தாள். ஆனால் பல வருடம் ஊசியும் மாத்திரையுமாக இருந்துவிட்டு, யாரும் குத்தாமல், யாரும் திட்டாமல், தானாக எடுத்துக் குடிக்க ஒன்று கிடைத்தால் எவளுக்கும் கொஞ்சம் ஆசையாகத்தான் இருக்கும். இதை மௌரீன் எனக்குச் சொல்லவில்லை. அவளுக்கே அப்போது தெரியாது.

5

இனிமேல் கொஞ்சம் பாடம். பொறுக்காதவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம். போகிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு.

செல் பிரிவதற்கு முன், தனக்குள்ளிருக்கும் மரபுச் செய்தி முழுவதையும் நகலெடுத்து, குட்டையான தடித்த துண்டுகளாகச் சுருட்டிக்கொள்கிறது. அவைதான் குரோமோசோம்கள். அந்த நேரத்தில் ஒரு மருந்தை விட்டுச் செல்லை அப்படியே நிறுத்தி, கண்ணாடித் தகட்டில் சொட்டி, சாயம் ஏற்றிப் பார்த்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். உடைந்ததும் தெரியும். உடைந்த முனைகள் தப்பான இடத்தில் போய் ஒட்டிக்கொண்டதும் தெரியும்.

செல்கள் வளரும் திரவத்தில் ஒரு சாயம் உண்டு. எல்லாம் சரியாக இருந்தால் இளஞ்சிவப்பு. புளித்துவிட்டால், அதாவது அமிலம் ஏறிவிட்டால், மஞ்சள். வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்கு மௌரீன் சொல்லித்தரும் முதல் பாடம் அதுதான். இரண்டாவது பாடம்: புளித்த திரவத்தில் செல்கள் சரியாகப் பிரியாது, சிலது பிரியாமலேயே இரட்டிப்பாகிவிடும், குரோமோசோம்கள் உடையும். எதை ஊற்றினாலும் உடையும். ஆகவே முதலில் புளிப்பை அள, பிறகு பொருளைக் குறை சொல். இதை மறக்கிற பிள்ளைகளை அவள் வாங்கும் வாங்கு பக்கத்துக் கட்டடம் வரை கேட்கும்.

பொன்துளியை ஊற்றினாள். அளவு கூடக் கூடக் குடுவைகள் மஞ்சளாகிக்கொண்டே போயின. கடைசிக் குடுவை சாமந்திப்பூ நிறம்.

"மஞ்சளை ஊத்தினா மஞ்சளா ஆகாம பின்ன ரோஸா ஆகும்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

புளிப்பை அளக்கவில்லை. அந்த வாரம் அளக்கும் கருவி பழுது பார்க்கப் போயிருந்தது. வந்ததும் அளக்கலாம் என்று விட்டாள். [காரணம் இது இல்லை என்று அவர் எழுதச் சொன்னார். "பக்கத்து ரூம்ல இன்னொரு மீட்டர் இருந்துச்சு சார். எந்திரிச்சுப் போயிருக்கலாம்."]

தகடுகள் தயாரானதும் நுண்ணோக்கியில் குனிந்தாள். பிரிந்துகொண்டிருந்த செல்களே குறைவு. இருந்தவற்றிலும், கடைசிக் குடுவையில், கைகள் துண்டான குரோமோசோம்கள், வளையமாகச் சுருண்டவை, ஒன்றோடொன்று கோணல் மாணலாக ஒட்டிக்கொண்டவை. ஒன்றிரண்டு அல்ல, செல்லுக்குச் செல்.

அவளுக்கு வயிறு குளிர்ந்தது. ப்ரஹ்லாதின் மூவ்மெண்ட், ஹரிஷ்குமாரின் நல்ல கிளையண்ட், மாடியில் மேஜை நடுவில் நிற்கிற பாட்டில், எல்லாம் ஒரே தகட்டில் நொறுங்கிக் கிடந்தன. வாழ்நாள் முழுக்க அவள் யாரை முட்டாள் என்று சொல்லிவந்தாளோ அவர்கள் எல்லோரும் முட்டாள்கள் என்று எலி சாட்சி சொல்லிவிட்டது.

6

கிளையண்டின் பொருளைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது. அது விதி. அன்று சாயங்காலம் மௌரீன் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடி ஏறினாள்.

"அந்தப் பாட்டிலை எடுத்துக் கீழ ஊத்து," என்றாள் சிந்துவிடம். "குரோமோசோமை ஒடைக்குது. என் கண்ணால பாத்துட்டு வரேன்."

சிந்து உட்கார்ந்திருந்தவள் எழுந்திருக்கவில்லை. "யாரோட குரோமோசோமை?"

"செல்லோட."

"எத்தனை மாசமா குடிக்கிறேன் தெரியுமா அண்ணி?"

"நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

இந்த இடத்தில் மௌரீன் சிரித்தாள் என்று எழுத வேண்டும். சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு முன்னால் முகத்தில் வருமே ஒரு வெளிச்சம், அது மட்டும் வந்தது. கூட இருந்த டெஸ்மண்ட் பார்க்கவில்லை. சிந்து பார்த்தாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததெல்லாம் கீழே இருந்த மௌரீனுக்குத் துண்டு துண்டாகத்தான் தெரிந்தது. சிந்து இரண்டு நாள் ஆபீஸ் போகவில்லை. டாக்டரிடம் போனாள். ஸ்கேன் எல்லாம் நன்றாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். குழந்தையின் குரோமோசோமைப் பார்த்தே ஆகவேண்டும் என்று சிந்து பிடிவாதம் பிடித்தாள். அதற்கு வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குடத்து நீரை எடுக்க வேண்டும். அரிதாக, மிக அரிதாக, அதனாலேயே கரு கலைந்துபோவதும் உண்டு என்று டாக்டர் விளக்கினார். பரவாயில்லை என்று வெள்ளிக்கிழமைக்கு நாள் வாங்கிக்கொண்டு வந்தாள்.

டெஸ்மண்ட் மாடிப்படியில் நின்று சொன்னான். "அக்கா, நீ போய்ப் பேசு. நான் சொன்னா கேக்கமாட்டேங்குறா."

"நான் என்ன பேசறது? பயப்படட்டும். அப்பவாவது புத்தி வரும்."

[இந்த வரியை வெட்டட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார். கண்டிஷன் இரண்டு.]

7

முதல்கட்ட முடிவு சரியில்லை என்று ஹரிஷ்குமார் சொன்னதும் ப்ரஹ்லாத் ஓடிவந்தான். மூன்று பேரும் கண்ணாடி அறையில் உட்கார்ந்தார்கள்.

"உங்க செல்ஸ் வீக்கா இருக்கும் மேடம்," என்றான். "ரோட்டைப் பாருங்க, எவ்ளோ பொல்யூஷன்."

"எலிச் செல் ரோட்டுக்குப் போறதில்ல."

"இல்ல மேடம், ஒரு ஆல்கலைன் ப்ராடக்ட் எப்படி டேமேஜ் பண்ணும்? லாஜிக் இருக்கா?"

மேஜை மேல் பரிசோதனைக்கு வந்த அதே கெட்டிப் பாட்டில், தண்ணீர் கலக்காதது, மிச்சம் இருந்தது. மௌரீன் ஒரு சின்னக் கோப்பையில் ஊற்றி அவன் முன்னால் தள்ளினாள்.

"நீங்க குடிங்க. கலக்காம."

அவமானப்படுத்தத்தான் செய்தாள், வேறு நோக்கம் இல்லை. ப்ரஹ்லாத் சவாலை ஏற்ற வீரனைப் போலக் கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான். இடது கண் தானாக மூடிக்கொண்டது. தாடை ஒரு பக்கமாக இழுத்தது. தோள் ஒரு குலுக்குக் குலுங்கியது. பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு புன்னகைத்தான்.

"பாத்தீங்களா? நத்திங்."

"புளிக்குதா?" என்றாள் மௌரீன். அவள் குரல் மாறியிருந்தது.

"நெல்லிக்கா மேடம். கொஞ்சம் வினிகர். எல்லாம் நேச்சுரல்."

அறிவியலுக்கு அந்த மனிதனால் விளைந்த ஒரே உபகாரம் அந்த முகச்சுளிப்புதான். நூற்றுக்கணக்கான மேடைகளில் அவன் பேசியதெல்லாம் பொய். உடம்பு ஒரு வினாடி உண்மை பேசிவிட்டது.

மௌரீன் எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள். வளர்ப்புத் திரவத்தில் அதே அளவு பொன்துளியைக் கலந்து மீட்டரின் முனையை இறக்கினாள். எண்கள் இறங்கிக்கொண்டே போய், செல்கள் தாங்குகிற எல்லைக்கு வெகு கீழே நின்றன. மஞ்சளுக்குள் ஒரு மஞ்சள் ஒளிந்திருந்தது. முதல் வருடத்துப் பிள்ளை செய்தால் வேலையைவிட்டுத் துரத்தியிருப்பாள்.

உடைத்தது மஞ்சளா, புளிப்பா? மீட்டரைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. சோதனை வேண்டும். அன்றே இரண்டு குடுவை போட்டாள். ஒன்றில் பொன்துளி, ஆனால் அமிலத்தை முறிக்கிற காரம் சேர்த்துப் புளிப்பு எடுக்கப்பட்டது. இன்னொன்றில் பொன்துளியே கிடையாது, வெறும் அமிலம், அதே புளிப்புக்கு. தகடுகள் தயாராக அடுத்த வாரம் ஆகும். சிந்துவின் ஊசி இந்த வெள்ளிக்கிழமை.

8

இந்தப் பகுதியை ஏழெட்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மௌரீன் மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். "நான் அழல," என்றார். இன்னொன்றில் சிந்துவின் காலைப் பிடித்தாள். "சார், உங்களுக்குத் தலைகிலை சரியா இருக்கா?" என்றார். நடந்தது இவ்வளவுதான்.

சிந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். டெஸ்மண்ட் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. மௌரீன் வாசலிலேயே நின்றாள்.

"சிந்து, நான் சொன்னது தப்பா இருக்கலாம்."

"இருக்கலாம்னா?"

"அந்தத் தண்ணி ரொம்பப் புளிப்பு. புளிப்பு ஜாஸ்தியானா எதை ஊத்தினாலும் ஒடையும். எலுமிச்சம்பழம் பிழிஞ்சாக்கூட ஒடையும். அதனாலதான் ஒடைஞ்சுதா, இல்ல நெஜமாவே அதுல ஏதாவது இருக்கான்னு திரும்பப் பாக்கணும்."

"இப்ப என்ன சொல்றீங்க? கெடுதலா, இல்லையா?"

மௌரீன் வாழ்நாளில் அதிகம் சொல்லாத வார்த்தை ஒன்று உண்டு. தப்பு என்றுகூட எப்போதாவது ஒப்புக்கொண்டிருக்கிறாள். தப்பு என்று சொல்லும்போதும் சரி எது என்று தெரிந்தவளாகவே நிற்கலாம். இது அப்படி அல்ல.

"தெரியல," என்றாள்.

சிந்து மடித்த துணியைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கும் தெரியாமதான் சொன்னீங்களா?"

"ஆமா."

"எங்க டீம்ல ஒரு பட்டன் கலர் மாறிடுச்சுன்னு எழுதறதுக்கே ரெண்டு தடவை ஓட்டிப் பாப்போம் அண்ணி." குரல் உயரவில்லை. "தப்பு எல்லாரும்தான் பண்றாங்க. அது பரவால்ல. நீங்க சொல்லும்போது உங்க மூஞ்சியைப் பாத்தேன். உங்களுக்கு சந்தோஷமா இருந்துச்சு."

 

சிந்து போனை எடுத்து, மௌரீனின் எதிரிலேயே கிளினிக்குக்குப் பேசினாள். வெள்ளிக்கிழமை வேண்டாம், அடுத்த வாரக் கடைசிக்குத் தள்ளிவைக்க முடியுமா, அதுவரைக்கும் நாள் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றார்கள்.

"ரிசல்ட் வந்ததும் என்கிட்ட சொல்லாதீங்க," என்றாள். "காட்டுங்க. நானே பாத்துக்கறேன்."

9

மறுவாரம் சிந்து அரைநாள் லீவு போட்டு பொம்மனஹள்ளிக்கு வந்தாள். வெளியாளை உள்ளே விடவேண்டுமென்றால் ஹரிஷ்குமாரிடம் காரணம் சொல்ல வேண்டும். மௌரீன் முழுவதையும் சொன்னாள், விதியை மீறிக் கிளையண்டின் விஷயத்தை வீட்டில் சொன்னது உட்பட. அவர் முகம் கறுத்தது. எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்தார். ப்ரஹ்லாதிடம் மட்டும் சொல்லவில்லை. நல்ல கிளையண்டல்லவா?

மௌரீன் முதல் தகட்டை நுண்ணோக்கியில் வைத்து எழுந்துகொண்டாள். சிந்து வயிற்றை ஒதுக்கிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இதெல்லாம் ஒடைஞ்சிருக்கு."

"ஆமா."

"இதுல பொன்துளி இருக்கா?"

"ஒரு சொட்டு இல்ல. வெறும் புளிப்பு."

இரண்டாவது தகடு. குட்டைக் குட்டையாக, கைகால் முழுசாக, எல்லாம் ஒழுங்காகக் கிடந்தன.

"இதுல?"

"இருக்கு. நீ குடிச்சதைவிட ரொம்ப ஜாஸ்தி. புளிப்பை மட்டும் எடுத்துட்டேன்."

சிந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அவசரப்படவில்லை. வேலையில் அப்படித்தான் இருப்பாள் போலிருக்கிறது என்று மௌரீனுக்கு முதல்முறையாகத் தோன்றியது.

"இது எலியோடதுதானே அண்ணி?"

"ஆமா."

"என் குழந்தையோடது இல்லையே."

"இல்ல. வயித்துக்குள்ள போற புளிப்பு ரத்தத்துக்கே வராது. குழந்தைகிட்ட எங்க வரும்?"

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

ஊசியை ரத்து செய்தாள். பொன்துளியையும் நிறுத்திவிட்டாள். பயந்து அல்ல, பாட்டிலைப் பார்த்தால் மௌரீனின் முகம் ஞாபகம் வருகிறது என்று டெஸ்மண்டிடம் சொல்லியிருக்கிறாள்.

மௌரீன் ரிப்போர்ட் எழுதினாள். தான் வெறுத்த மனிதனின் பானத்தை, வரி பிசகாமல், நிரபராதி என்று எழுதினாள். புளிப்பை நீக்கிவிட்டால் அந்தப் பானம் இந்தச் செல்களின் குரோமோசோமை உடைக்கவில்லை. முன்பு கண்ட உடைசல்களுக்குக் காரணம் அமிலம். கையெழுத்துப் போட்டாள். கதை இங்கே முடிந்திருந்தால் நேர்மை வென்றது என்று எழுதிவிட்டு நான் தூங்கப் போயிருப்பேன்.

மூன்று வாரம் கழித்து மல்லேஸ்வரத்தில் ப்ரஹ்லாதின் போஸ்டர் வந்தது. கன்னடத்திலும் இங்கிலீஷிலும், போனில் வருகிற விளம்பரத்தில் தமிழிலும்: "அமிலம் உங்கள் குரோமோசோம்களை உடைக்கிறது. பொன்துளி உடைப்பதில்லை. ஆய்வகத்தில் நிரூபணம்!"

ரசிக்கத் தெரிந்தவர்கள் ரசிக்கவும். அமிலமாக இருந்து உடைத்ததே அவன் பானம்தான். அதை அமிலத்துக்கு எதிரான கேடயமாக விற்கிறான், அவளுடைய கையெழுத்தை வைத்து.

மௌரீன் ஹரிஷ்குமாரிடம் போய் நின்றாள்.

"ஒரு வார்த்தை மாத்தலையே மேடம்," என்றார் அவர். "நீங்க எழுதினதுதான்."

"நடுவுல வெட்டியிருக்கான் சார். அந்த ஆசிட் எங்கேர்ந்து வந்துச்சு? அவன் பாட்டில்லேர்ந்து."

"அது டெக்னிக்கல். பப்ளிக்குக்கு எதுக்கு?"

ப்ரஹ்லாதுக்கே போன் செய்தாள். "நெல்லிக்கா வெளியில புளிப்பு மேடம், உள்ள போனா ஆல்கலைன்," என்றான். அவளுடைய ஏளனத்துக்குக் கல்லும் கரையும் என்று அதுவரை நினைத்திருந்தாள். ப்ரஹ்லாத் கல் இல்லை, பஞ்சு; குத்தின இடம் உடனே பழையபடி உப்பிக்கொண்டது. விளம்பரத்தின் மேல் புகார் கொடுத்திருக்கிறாள். விசாரிக்கிறார்கள். போஸ்டர் இருக்கிறது. ஹரிஷ்குமார், கிளையண்டுகள் வரும்போது கண்ணாடி அறைக்கு அவளைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

10

முடிவுகள்.

ஒன்று: பெண் குழந்தை பிறக்கிறது. மௌரீன் என்று பெயர் வைக்கிறார்கள். [எழுதி முடித்ததும் எனக்கே குமட்டியது.]

இரண்டு: குழந்தைக்கு ஏதோ— [போனில் பாதி கேட்டதுமே மௌரீன் நிறுத்தினார். "கதைக்காக அந்தக் குழந்தைக்கு ஏதாவது பண்ணீங்கன்னா உங்க அடுத்த கூட்டத்துக்கும் வருவேன். முன் வரிசையில உக்காந்து சிரிப்பேன்."]

மூன்று: மெட்ரோவில் இறங்கி வரும் இரண்டு பெண்களும் அந்தப் போஸ்டர் முன்னால் நின்று, ஒருவரை ஒருவர் பார்த்து, வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். இது எனக்குப் பிடித்திருந்தது. மௌரீனிடம் கேட்டேன்.

"அவ என்னோட இன்னும் சரியா பேசறதில்ல சார். ஞாயித்துக்கிழமை சாப்பாடு தட்டுல வெச்சு டெஸ்மண்ட்கிட்ட குடுத்து அனுப்பறா. நானும் சாப்பிட்டுட்டுத் தட்டைக் கழுவிக் குடுத்துடறேன்."

"மன்னிப்புக் கேட்டீங்களா?"

"கேட்டேன். 'சரி அண்ணி'ன்னா. அவ்ளோதான்."

எழுதியவரைக்கும் பிரதி எடுத்து மௌரீனிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, என்னைக் கேட்காமலே, தட்டோடு சேர்த்து மாடிக்கு அனுப்பிவிட்டார். நேற்று மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு போன்.

"சார், நான் சிந்து. கதையைப் படிச்சேன். என்னை முதல்ல முட்டாளா எழுதினேன்னு நீங்களே சொன்னதுக்குத் தேங்க்ஸ்."

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"எட்டாவது மாசம். அதைப் பேசத்தான் கூப்பிட்டேன். அந்த மூணு முடிவுல எதையும் நடந்ததுன்னு போடாதீங்க."

"மூணாவது நல்ல முடிவுதானேம்மா? ரெண்டு பேரும் சிரிக்கிறீங்க."

"நல்லதா இருந்தாலும் வேணாம் சார். ரிசல்ட் வரதுக்கு முன்னாடி சொல்றவங்க எங்க வீட்ல ஏற்கெனவே ஒருத்தங்க இருக்காங்க. போதும்."

வைத்துவிட்டாள்.

மூன்றையும் அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், எவ்வளவு மட்டமானவை என்று நீங்களும் பார்க்கலாம். போன் வந்த பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. நான்காவதாக ஒன்றை ஆரம்பித்தேன்: "அந்தக் குழந்தை" என்று இரண்டு வார்த்தை. அதற்குமேல் பேனா நகரவில்லை. வாசகரே, உங்களுக்கு மூன்றாவது வார்த்தை தெரியும் என்று நினைக்கிறீர்கள் இல்லையா? சிந்து பார்த்த அந்த வெளிச்சம் இருக்கிறதா என்று உங்கள் முகத்தைப் போய்க் கண்ணாடியில் பாருங்கள்.